பச்சை சோப்பும் நீல வாளியும்

ஒரு டி.வி. விளம்பரம் ஜெயித்ததா தோற்றதா என்று தெரிய வேண்டுமானால், அது ஓடும்போது டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்துப் பிரயோசனம் இல்லை. மறுநாள் மத்தியானம் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். வீட்டுக்காரி சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். அப்போது அவள் மனசில் என்ன மிச்சம் இருக்கிறதோ, அதுதான் விளம்பரம். மற்றதெல்லாம் வெளிச்சமும் சத்தமும்.

இருபத்து நாலு வருஷம் நான் பார்த்த வேலை இது. சென்னையில் விளம்பரம் எடுக்கிறவர்களுக்காக, புதுச்சேரியில் வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்து சொல்லும் ஒரு சின்ன ஆபீஸ். இப்போது அங்கே இருக்கிற பெண்கள் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். இனிமேல் வீட்டுக்குப் போக வேண்டியதில்லையாம். போனிலேயே கேள்வி போகுமாம், போனிலேயே பதில் வருமாம். "அக்கா, நீங்க போன காலத்துல எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எதுனால ஒரு விளம்பரம் மனசுல நிக்குது? எழுதிக் குடுங்க, ஆபீஸ் மலர்ல போடுறோம்" என்றார்கள். நான் படித்தது மூணாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி எழுதியதை என் சின்ன மகள் பிழை பார்த்துக் கொடுத்தாள். ஆனால் சொன்னதெல்லாம் நான். அவள் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. நான் சேர்க்க விடவும் மாட்டேன்.

அதற்கு முன்னால் நான் கூடையில் மீன் தூக்கி விற்றவள். எங்கள் ஊர் வைத்திக்குப்பம். கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருக்கிற தெருக்கள் என்னுடைய தெருக்கள். அதே தெருக்களில் எனக்குப் போட்டியாக இன்னொருத்தி வருவாள். அவளுக்குக் குரல் மணி மாதிரி. அவள் கூவினால் மாடியில் இருக்கிறவர்கள்கூட எழுந்து வருவார்கள். நான் கூவவே மாட்டேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நேத்து குடுத்த கொடுவா எப்படிம்மா இருந்திச்சி? முள்ளு ஜாஸ்தின்னு ஐயா கோச்சிக்கிட்டாரா?" என்று கேட்பேன். அவ்வளவுதான்.

அந்தத் தெருவில் ஒரு மஞ்சள் சுவர் வீடு. அங்கே இருந்தவர் ஜோசபின் மதாம். அவர் அப்பா பிரெஞ்சுக்காரர்களிடம் உத்தியோகம் பார்த்தவராம். மதாம் பாரிசில் கொஞ்ச வருஷம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து, வீட்டின் கீழ்த்தளத்தில் இந்த ஆபீசை நடத்தினார். ஒருநாள் சங்கரா மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பாக்கியம், அந்தப் பொம்பள அவ்ளோ அழகா கூவுறா. ஜனங்க ஏன் உங்கிட்ட வாங்குறாங்க?"

"அவ கூவுறதக் கேட்டுத்தான் மதாம் எல்லாரும் மீன் வாங்கணும்னு எழுந்து வராங்க. எழுந்து வரும்போது வாசல்ல நிக்கிறது நானு."

மதாம் சிரிக்கவில்லை. மீனைக் கூடையிலேயே வைத்துவிட்டு, "கூடைய எறக்கி வெச்சிட்டு உள்ள வா" என்றார். கூடையை இறக்கியவள் இறக்கியவள்தான். வேலை கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் அவர் எனக்குச் சொன்னது, பிரெஞ்சில் 'சரி அப்படின்னா' என்று ஆரம்பித்து, ஒன்றே ஒன்று: "அலோர், பாக்கியம், நீ மீனுக்குக் கேட்ட மாதிரியே இதுக்கும் கேளு. வேற ஒண்ணும் புதுசா பண்ணாத."

வேலை இப்படி இருக்கும். முந்தின நாள் சாயங்கால சீரியல் நடுவில் விளம்பரம் ஓடியிருக்கும். மறுநாள் மத்தியானம் நாங்கள் நாலு பெண்கள் நாலு பக்கம் போவோம். ஒருத்தி மூலக்குளம், ஒருத்தி கதிர்காமம், ஒருத்தி காலாப்பட்டு, எனக்கு எங்கள் குப்பமும் பக்கத்துத் தெருக்களும். ஒரு வீட்டில் நுழைந்ததும் கேள்வி கேட்கக் கூடாது. முதலில் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். பிறகு, "நேத்து சீரியல் நடுவுல என்னென்ன வந்திச்சி?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவள் யோசிக்கும்போது எடுத்துக் கொடுக்கக் கூடாது. கதையைச் சொன்னாள் என்றால், "யாரு விளம்பரம் அது?" அவ்வளவுதான் கேள்வி. பொருளின் பெயர் எங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. பொருளைக் கையில் கொண்டு போகக் கூடாது. நாங்கள் யாருக்காகக் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிந்துவிட்டால் அவள் நம்மைச் சந்தோஷப்படுத்தத்தான் பார்ப்பாள். பெண்பிள்ளைகள் அப்படித்தான், வீட்டுக்கு வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள்.

எனக்கு வேகமாக எழுத வராது என்பதால் மதாம் எனக்குத் தனியாக ஒரு தாள் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு ஒரு கட்டம். கதை ஞாபகம் இருந்தால் ஒரு வட்டம். நம்முடைய பொருளின் பெயரையும் சொன்னால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. எதிராளியின் பெயரைச் சொன்னால் வட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. இரண்டே மாதத்தில் மற்ற மூன்று பெண்களும் எழுதுவதை விட்டுவிட்டு என் மாதிரி வட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

வெறும் வட்டம் பொல்லாதது. அதை நான் சீக்கிரமே புரிந்துகொண்டேன். ஒரு பவுடர் விளம்பரம் வந்தது. நல்ல அழகான நடிகை. போன வீடெல்லாம் வட்டம். "அந்த ரவிக்கைக் கை பாத்தீங்களா? இங்க எந்த டெய்லரு அப்படித் தைப்பாரு?" என்று என்னையே கேட்டார்கள். பவுடர் பெயர் ஒருத்திக்கும் வரவில்லை. இன்னொன்று பெருங்காயம். காசில்லாத கம்பெனி, நடிகை எல்லாம் கிடையாது. ஒரு வீட்டில் சாம்பார் கொதிக்கிறது, பக்கத்து வீட்டு ஆள் மதில் மேல் மூக்கை மட்டும் நீட்டுகிறான். அவ்வளவுதான் கதை. அந்த மூக்கை எடுத்துவிட்டால் விளம்பரம் இல்லை, அந்தப் பெருங்காயத்தை எடுத்துவிட்டால் மூக்குக்கு வேலை இல்லை. அதில் என் தாள் முழுக்கப் புள்ளி. "கதையும் சரக்கும் ஒண்ணை ஒண்ணு விட்டுட்டுப் போக முடியாம இருக்கணும்" என்று மதாம் சொன்னது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

மதாமைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தாளை வாங்கினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை முகத்துக்குக் கிட்டே பிடித்து, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்ப்பார். நல்ல செய்தி என்றாலும் கெட்ட செய்தி என்றாலும் ஒரே முகம். ஆனால் பொய்த் தாள் மட்டும் அவருக்கு ஆகாது. ஒருமுறை எங்களில் ஒரு பெண் வெயிலுக்குப் பயந்து பார்க்கில் உட்கார்ந்து தாளை நிரப்பிக்கொண்டு வந்தாள். மதாம் விரல் வைத்துப் பார்த்தார். அவளுக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தார். அவள் குடித்து முடித்ததும், "நாளையிலேர்ந்து வராத" என்றார். அவ்வளவுதான். அவள் இடத்துக்குப் பிறகு வேறு பெண்ணை வைத்துக்கொண்டார். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் என் ஓரகத்தி மங்கையிடம், அதுதான் என் கொழுந்தன் பெண்டாட்டி, அந்தப் பெண்ணை நினைத்து வருத்தப்பட்டேன். "பாவம்டி, தாள் சரியில்லன்னு வேலைய விட்டு அனுப்பிட்டாங்க" என்றேன். சொன்னது அவ்வளவுதான். அதுவே பின்னால் என்னைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் வந்தது சோப்பு. துணி துவைக்கிற சோப்பு. பெயரை இன்றைக்கும் சொல்ல மாட்டேன், மதாமுக்குக் கொடுத்த வாக்கு. நம்முடையது பச்சை உறை, எதிராளியுடையது நீல உறை, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நீலம் பெரிய கம்பெனி, எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும். பச்சை, விழுப்புரம் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் போட்டது. அதன் முதலாளி ஒரு பெரியவர். முதல் விளம்பரம், பொங்கலுக்கு எல்லாச் சானலிலும் விட வேண்டும், இதோடு நின்றால் நிற்கிறது இல்லையென்றால் மூடிவிடுகிறேன் என்று மதாமிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். முதலில் இங்கே லோக்கல் சானலில் மட்டும் இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பது, எங்கள் தாள் நன்றாக வந்தால் பொங்கலுக்குப் பெரிதாக விடுவது என்று ஏற்பாடு.

விளம்பரத்தை எடுத்தவர் சென்னை ரமணன் சார். எங்கள் ஆபீசில் முதலில் போட்டுக் காட்டினார். அம்மா இல்லாத பெண் பிள்ளை. மறுநாள் பரீட்சை. அப்பா மீன்பிடிக்கிறவர், கை முழுக்கக் காய்ப்பு. அவர் தெருக் குழாயடியில் உட்கார்ந்து பிள்ளையின் வெள்ளைச் சட்டையைத் துவைக்கிறார், துவைக்கத் தெரியாமல் துவைக்கிறார். காலையில் பிள்ளை சட்டையைப் போட்டுக்கொண்டு, காலரை மூக்கில் வைத்து மோந்து பார்த்து, கண்ணில் தண்ணீரோடு அப்பாவைப் பார்க்கிறாள். கடைசியில் பச்சை சோப்பு வருகிறது. நாங்கள் நாலு பேரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தோம். ரமணன் சாரும் துடைத்தார். மதாம் மட்டும், "ம்" என்றார்.

அன்றைக்குக் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி சோப்பு வந்திருந்தது, ஆபீசில் வைத்துப் பார்க்க. வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அதில் ஒரு தாழம்பூ வாசனை வந்தது. நான் ஒரு கட்டியை முந்தானையில் முடிந்துகொண்டேன். வீட்டுத் துவைக்கிற கல் மேல் வைத்துத் துவைத்தேன். இந்த இருபத்து நாலு வருஷத்தில் நான் செய்த தப்பு அது ஒன்றுதான், அதையும் எழுதிவிட்டேன்.

விளம்பரம் ஓடிய மறுநாள் நான் எங்கள் குப்பத்துக்குத் தாளோடு போனேன். முப்பது வீடு. முதல் வீட்டில், "அந்த அப்பா துணி தொவைக்கிறது வந்திச்சி அக்கா, பச்ச சோப்பு." இரண்டாவது வீட்டில், "அப்பா துணி தொவைக்கிறது. பச்ச சோப்பு." மூன்றாவது வீட்டிலும் அப்படியே. என் கைக்கு வட்டம் போட்டுப் புள்ளி வைக்கவே நேரம் சரியாக இருந்தது. எனக்கு அவ்வளவு பெருமை. எங்கள் கடலோர ஜனத்தின் கதை, எங்கள் ஜனத்துக்குத்தானே புரியும் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வட்டம், முப்பது புள்ளி.

மற்ற மூன்று பேர் தாளும் வேறு மாதிரி. மூலக்குளத்தில் நிறைய வட்டம், நிறையக் கோடு. கதிர்காமத்திலும் கோடு. காலாப்பட்டிலும் கோடு. "அழுதுட்டேங்க. அந்த நீல சோப்பு விளம்பரம்தானே?" என்று பெண்கள் சொன்னார்களாம்.

மதாம் என் தாளை முகத்துக்குக் கிட்டே பிடித்தார். விரல் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரைக்கும் போனது.

"பாக்கியம். கோயில்ல முப்பது பேரு கும்பிட்டா, ஒருத்தியாவது செருப்ப நெனச்சிக்கிட்டு இருப்பா. இங்க முப்பது பேரும் ஒரே மாதிரியா?"

"மதாம், என் தாளு பொய் பேசாது."

"நீ பொய் பேசலன்னு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு, தாளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். மீன் விற்ற நாளிலிருந்து என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. ரமணன் சார் போனில் கேட்டுவிட்டு, "மத்தவங்க எல்லாம் டவுன் ஜனம், டீவிய அரகுறையா பாத்திருப்பாங்க. மீனவர் கதைய மீனவங்க கரெக்டா பிடிச்சிட்டாங்க பாருங்க! நாளன்னைக்கு முதலாளிய கூட்டிக்கிட்டு வரேன், முடிவு பண்ணிடலாம்" என்றாராம். முடிவு என் தாளை வைத்துத்தான் நடக்கப் போகிறது.

மறுநாள் மத்தியானம் கன்னியம்மா பெரியம்மா வீட்டைத் தாண்டி நடந்தேன். அவர் மீன் கருவாடு போடுகிறவர், எதையும் ஒளிக்கத் தெரியாதவர். அவர் வீட்டில் டி.வி. இருக்கிற இடத்தில் ஒரு சுருட்டிய வலை இருந்தது. முந்தின நாள் நான் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு நகர்ந்திருந்தேன், உள்ளே பார்க்கவில்லை. சொந்த ஜனம்தானே, தண்ணீர் வாங்கிக் குடிக்கிற வேலை எதற்கு என்று.

"டீவி எங்க பெரியம்மா?"

"அது ரிப்பேருக்குப் போயி ஒரு மாசமாகுதே."

"அப்ப அந்த அப்பா தொவைக்கிற விளம்பரத்த எங்க பாத்தீங்க?"

"நா எங்கடி பாத்தேன்? மங்கைதான் சொல்லச் சொன்னா. பாக்கியக்கா வந்து கேட்டா அப்பா துணி தொவைக்கிறாரு, பச்ச சோப்புன்னு சொல்லுங்க, மாத்திச் சொன்னா அவ வேலை போயிடும்னா. நா நல்லா சொன்னேனா?"

"நல்லா சொன்னீங்க பெரியம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

மங்கை குழாயடியில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் எதிரில் நின்றேன்.

"என்னாடி பண்ணி வெச்சிருக்க?"

அவள் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "நீதானே சொன்னே, தாளு சரியில்லன்னா அனுப்பிடுவாங்கன்னு. உன் கல்லு மேல பச்ச சோப்பு இருந்திச்சி, இதுவரைக்கும் நீ பச்ச வாங்கினதே இல்ல. அதான் புரிஞ்சிக்கிட்டேன். ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சிக்கிட்டு, வேலை போனா மறுபடியும் கூடை தூக்குவியா? உன் முட்டி தாங்குமா?"

"அதுக்காக முப்பது வீட்டுக்குமா சொல்லிக் குடுத்தே?"

"முப்பது இல்ல, இருபத்தொம்பது. வலை பின்னுற பார்வதி தானே பாத்தா, அவளுக்கு நானு சொல்லல, பக்கத்து வூட்டுல பேசினதக் கேட்டு அவளும் பச்சன்னுட்டா." அவளுக்கு அதில்கூட ஒரு நியாயம். "போயி வாய மூடிக்கிட்டு இரு. யாருக்கு என்ன கொறைஞ்சி போச்சி?"

அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை. யாருக்கு என்ன குறைந்துபோகும்? என் தாளை நம்பிப் பொங்கலுக்குப் பெரிதாக விளம்பரம் விட்டால், ஊரெல்லாம் அழுது, அழுத கையோடு கடைக்குப் போய் நீல சோப்பு வாங்குவார்கள். பச்சை சோப்புப் பெரியவர் தன்னுடைய கடைசிக் காசு முழுவதையும் எதிராளிக்குச் செலவு செய்ததாக ஆகும். அதைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் வேலை இருக்கும், தாளில் நான் இனிமேல் வைக்கிற புள்ளி எதையும் நானே நம்ப மாட்டேன்.

மறுநாள் காலையில் ரமணன் சார் வருவதற்கு முன்னாலேயே மதாம் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று கிளம்பினேன். போய்ச் சேர்வதற்குள் வாசலில் அவர் கார் வந்து நின்றிருந்தது. உள்ளே மதாம், ரமணன் சார், முதலாளி மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி பெரியவர் வெள்ளை வேட்டி, கையில் ஒரு துணிப்பை. என் தாள் மேஜை மேல் நடுவில் இருந்தது. நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். சோப்பு எடுத்துப் போனது, மங்கை சொல்லிக் கொடுத்தது, பெரியம்மா வீட்டு வலை, எல்லாம்.

ரமணன் சார் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "இப்ப வந்து சொன்னா எப்படிங்க? எல்லா ஏற்பாடும் ஆயிடுச்சி!"

பெரியவர் அவரைக் கையமர்த்தினார். என்னைப் பார்த்து, "ஏம்மா, இத நீ சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே. உன் வேலை?" என்றார்.

"போயிடும் ஐயா."

மதாம் எழுந்து உள்ளே போனார். காப்பி டம்ளரோடு வந்து என் கையில் கொடுத்தார். அந்தக் காப்பிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மெல்ல மெல்லக் குடித்தேன். நல்ல காப்பி, அதை மறைப்பானேன். டம்ளரைக் கீழே வைத்ததும் மதாம், "பொன்" என்றார், பிரெஞ்சில் சரி என்று அர்த்தம். "இப்ப உன் ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போ. நா கேக்கறேன். நீ வாயத் தெறக்காம என் பக்கத்துல உக்காரு."

மதாம் எங்கள் குப்பத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பெரியவரும் ரமணன் சாரும் கூடவே வந்தார்கள். மங்கை வீட்டு முன்னால் பெண்கள் கூடினார்கள். மதாம் மணலில் அப்படியே உட்கார்ந்து, முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "பாக்கியம் எல்லாத்தையும் சொல்லிட்டா. கோவம் இல்ல. உங்க எடத்துல நா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்றார். "இப்ப விளம்பரம் பாத்தவங்க மட்டும் சொல்லுங்க. மனசுல என்ன நிக்குது?"

மங்கை என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்வதிதான் முதலில் ஆரம்பித்தாள்.

"அந்த நீல வாளிம்மா."

"எந்த நீல வாளி?"

"அவரு தொவைக்கிறாரே, வாளி நீலமா இருக்கும். பொண்ணு ரிப்பனும் நீலம். குழாய்க்கும் நீலப் பெயிண்ட்டு. அதான் நா நீல சோப்புன்னு நெனச்சேன். பச்சன்னு கடைசியில ஏதோ வந்திச்சி, அப்ப நா கண்ணத் தொடைச்சிக்கிட்டு இருந்தேன்."

ரமணன் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். கடல் நிறத்துக்குப் பொருத்தமாக அவரே தேடித் தேடி வாங்கிய வாளியாம் அது.

அதற்கப்புறம் எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். "அந்தாளு கையில சோப்பு எதுன்னே தெரியல, நொரதான் தெரியுது." "எந்த சோப்பப் போட்டாலும் அந்தப் புள்ள அப்படித்தான் அழுவும்." பார்வதி மறுபடியும், "பச்ச சோப்புல ஒரு நல்லது இருக்குதும்மா, அத அவுங்க காட்டவே இல்ல" என்றாள். என்ன என்று மதாம் கேட்டார். அவள் வீட்டுக்குள் போய், நீளமான பச்சைக் கட்டி ஒன்றையும் வலை பின்னுகிற நைலான் நூலையும் கொண்டுவந்தாள். நூலைக் கட்டியைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் இழுத்தாள். வெண்ணெய் மாதிரி இரண்டாகப் பிரிந்தது. ஒரு தூள் கூட விழவில்லை.

"நீலத்த இப்படி அறுத்தா பொடிஞ்சி போவும். இத அறுத்து பாதிய பக்கத்து வூட்டுக்குக் குடுப்பேன், பாதிய நா வெச்சிப்பேன். இது ஒண்ணுக்காகத்தான் நா பச்ச வாங்கறது."

பெரியவர் அந்தப் பாதிக் கட்டியை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "என் வீட்டுல அப்படித்தாம்மா அறுப்பாங்க" என்றார். "அத ஒரு பெருசா யாரு நெனச்சா!"

ரமணன் சார் நல்ல மனுஷன், கோபம் ஆறியதும் வேலையில் இறங்கிவிட்டார். கதையை மாற்றவில்லை. அதே அப்பா, அதே பிள்ளை. வாளி மட்டும் பித்தளை. அப்பா வலை நூலை எடுத்துச் சோப்பை அறுக்கிறார், அந்தக் காய்ப்புக் கையால். பாதியைப் பக்கத்து வீட்டு மதில் மேல் வைக்கிறார், பாதியில் துவைக்கிறார். காலையில் பிள்ளை காலரை மோந்து பார்க்கும்போது, மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளையும் தன் காலரை மோந்து பார்க்கிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். இந்தத் தடவையும் நாங்கள் அழுதோம், ஆனால் சிரித்துக்கொண்டே அழுதோம். மதாம் இந்தத் தடவையும் "ம்" என்றார். முன்னைவிடக் கொஞ்சம் நீளமாக.

மூன்று பெண்களும் மறுபடி போனார்கள். மூலக்குளத்தில் ஒரு பாட்டி, "நூலு போட்டு அறுப்பாங்களே, அந்தப் பச்ச" என்றாராம். கதிர்காமத்தில் பெயர் வராத பெண்களும் இரண்டு கையால் நூல் இழுத்துக் காட்டினார்களாம். தாளில் கோடு குறைந்தது, புள்ளி நிறைந்தது. பொங்கலுக்கு விளம்பரம் ஓடியது. அந்தத் தொழிற்சாலை மூடவில்லை என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். நீல சோப்பையும் யாரும் மறந்துவிடவில்லை. அவர்கள் அந்த வருஷம் பெரிய நடிகரைக் கொண்டுவந்து ஆடவிட்டார்கள். பெண்களுக்கு அவர் ஆடியது ஞாபகம் இருந்தது.

அந்தப் பெண்கள் என்னிடம் கேட்டதற்கு என் பதில் இதுதான். ஜனத்தை அழ வைப்பது கஷ்டமில்லை, சிரிக்க வைப்பதும் கஷ்டமில்லை. அழுத பிறகு அவள் கை எந்தக் கட்டியைத் தேடுகிறது என்று பார்க்க வேண்டும். எதிராளியின் பொருளைக் கொண்டுவந்து வைத்தாலும் உங்கள் கதை ஓடும் என்றால், நீங்கள் அவனுக்காகத்தான் உழைத்திருக்கிறீர்கள். உங்கள் பொருளால் மட்டும் ஆகிற காரியம் ஒன்று, சின்னதாக இருந்தாலும் சரி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடுவில் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது விளம்பரம் எடுக்கிறவருக்குத் தெரியாது. துவைக்கிறவளுக்குத் தெரியும்.

என் வேலை விஷயத்துக்கு வருகிறேன். மணலிலிருந்து எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டே மதாம் சொன்னார்: "பாக்கியம், தாளு பொய். நீ வந்து சொன்னது நெஜம். பொய்த் தாளுக்காக உன் ஊர உங்கிட்டேர்ந்து எடுத்துக்கறேன். இனிமே இங்க நீ கேக்கக் கூடாது. நெஜம் சொன்னதுக்காக மீதி ஊரெல்லாம் உனக்கு." அப்படித்தான் நடந்தது. அதற்கப்புறம் நான் போகாத தெரு புதுச்சேரியில் இல்லை, என் தெருவைத் தவிர.

மங்கை என்னோடு பேசவில்லை. ஒரே குழாய், ஒரே வாசல், பேச்சு மட்டும் இல்லை. "உனக்காகத்தானே பொய் சொன்னேன். ஊரு முன்னாடி என்னப் பொய்க்காரி ஆக்கிட்டே" என்று என் பெண்ணிடம் சொல்லி அனுப்பினாள். அவள் சொன்னது சரிதான். வேலை தங்கியது, அவள் தங்கவில்லையே என்று இருந்தது.

பொங்கல் கழிந்து ஒருநாள் சாயங்காலம் அவள் வீட்டில் டி.வி. சத்தம் கேட்டது. புது விளம்பரம். நான் வாசலில் போய் நின்றேன். அவள் உள்ளே அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். விளம்பரம் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் டி.வி.யைப் பார்த்தோம்.

திரும்பாமலேயே கேட்டாள்: "என்னா, வந்து நிக்கற? கேக்க மாட்டியா?"

"இந்த ஊருல நா கேக்கக் கூடாதுடி. மதாம் உத்தரவு."

"கேக்காட்டி என்னா, நானே சொல்றேன். கதை நல்லா இருக்குது. நூலு அறுக்கறதும் நல்லா இருக்குது. ஆனா எனக்கு அந்தத் தாழம்பூ வாசன ஆகாது, தல வலிக்குது. நா நீலந்தான் வாங்குவேன். போயி எழுதிக்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அம்மிக்குழவியை விட்டுவிட்டு எழுந்து வந்து, "உள்ள வாக்கா. மத்தி கொழம்பு கொதிக்குது, சாப்டுட்டுப் போ" என்றாள்.

சாப்பிட்டுத்தான் வந்தேன்.